மெட்டு இருக்கிறது, வரி உட்கார மாட்டேன் என்கிறது: புதிதாகப் பாட்டெழுத வருபவரின் கேள்விகள்

தாமிரபரணிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். கவிதை எழுதுவேன், சிற்றிதழ்களில் சிலது வந்திருக்கிறது. கல்லூரி நண்பன் ஒருவன் இசையமைக்கிறான். சேர்ந்து ஒரு தனிப்பாடல் செய்யலாம் என்று வாட்ஸ்அப்பில் மெட்டு அனுப்பியிருக்கிறான், "லாலல லாலல லாலலா" என்று அவனே முனகியது. தத்தகாரமாக எழுதினால் பல்லவி இதுதான்:

தானன தானன தானனா
தானன தானன தானனா

சூழல்: பிரிந்து போய்விட்டாள், மறுநாள் மழை. நான் எழுதியது:

மழையில் நனைந்த மனசுக்குள்ளே
உன் நினைவுகள் மட்டும் உலரவில்லை

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அவன் பாடினால் கேட்கச் சகிக்கவில்லை. தவறு வரியிலா, மெட்டிலா, அவன் குரலிலா? அப்புறம் இன்னொன்று: சினிமாவில் பாட்டெழுத வேண்டும் என்ற ஆசை உண்டு. சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்கித்தான் ஆகவேண்டுமா? சங்கீதம் தெரியாது, யாப்பும் பள்ளிக்கூடத்தோடு சரி.

------

பல்லவி_மட்டும்

வாங்க தம்பி. சில படங்களுக்கும் நிறைய பக்தி ஆல்பங்களுக்கும் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒற்றெழுத்தை (புள்ளி வைத்த எழுத்தை) விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள். மெட்டில் ஓர் அடிக்கு 9. உங்கள் முதல் அடியில் 11, இரண்டாவதில் 12. உங்கள் நண்பர் என்ன செய்வார் பாவம், மூட்டை கட்டித் திணிப்பார். கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

எண்ணிக்கையை விடப் பெரிய சிக்கல் குறில் நெடில். மெட்டு "தா" என்று நீண்டு தொடங்குகிறது. நீங்கள் "ம" என்று குறிலை வைத்திருக்கிறீர்கள். மெட்டு விடாது, இழுக்கும். "மாழையில்" என்றுதான் காதில் விழும். இதே இடத்தில் "விடு" என்று வைத்துப் பாருங்கள், "வீடு" ஆகிவிடும். "கலை" வைத்தால் "காலை". அர்த்தமே போச்சு. கவிதையில் கண் திருத்திக்கொள்ளும், பாட்டில் காது திருத்தாது.

உங்கள் மெட்டுக்கு எனக்குத் தோன்றிய ஒரு மாதிரி. வைத்துக்கொள்ள வேண்டாம், உட்காரும் விதத்தைப் பார்க்க மட்டும்:

யாரிது வாசலில் ஈரமா
ஓடிய தூறலின் பாதமா

யா-ரி-து, தா-ன-ன. அடுத்ததைக் கவனியுங்கள். "வாசலில்" என்று நிறுத்தினால் கடைசியில் ஒற்று இடிக்கும். ஆனால் பக்கத்தில் "ஈரமா" உயிரில் தொடங்குகிறது. பாடும்போது "வாசலி-லீரமா" என்று சேர்ந்து ஓடும், "ல்" நிற்கவே நிற்காது. இரண்டாம் அடியில் "தூறலின்" என்பதன் "ன்" மூக்கோடு கரைந்துவிடும். அதுவே "ட்" அல்லது "க்" என்றிருந்தால் முட்டும். அடி முடியும் இடத்தில் "மா" என்று வாய் திறந்தபடி இருக்கிறது, பாடகர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

பொருளும் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. மழை, மனசு, நனைந்த, நினைவு. இந்த நான்கையும் ஒரே பல்லவியில் பார்த்தால் எந்த இயக்குநரும் அடுத்த பல்லவி கேட்பார். அவள் போன மறுநாள் அந்த வீட்டில் என்ன கிடந்தது? அங்கேயிருந்து தொடங்குங்கள்.

------

சந்தப்பித்தன்

அம்மையார் சொன்னது சரி. ஆனால் "யாரிது", "ஓடிய". எதுகை எங்கே? மோனை எங்கே? இந்தக் காலத்துப் பாட்டில் தமிழ் ஏன் தட்டையாக இருக்கிறது என்று இப்போதுதான் புரிகிறது.

தம்பிக்கு ஒரு பயிற்சி. அருணகிரிநாதரை எடுங்கள். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டுக்கு மேலே சந்தத்தையே அச்சிட்டிருப்பார்கள். "முத்தைத்தரு பத்தித் திருநகை" என்பதற்கு "தத்தத்தன தத்தத் தனதன". அவர் சொல்லை எடுத்துவிட்டு, அதே சந்தத்தில் உங்கள் தெருமுனைப் புரோட்டா கடையைப் பற்றி எழுதுங்கள். பக்திக்காரர்கள் மன்னிக்கட்டும். வல்லொற்று (க், ட், த் போன்றவை) எங்கே விழுகிறது, மெல்லொற்று (ங், ந், ம் போன்றவை) எங்கே என்று கை தானாகப் படித்துவிடும். அது முடிந்ததும் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து. ஆறு மாதம் இதை மட்டும் செய்தால் எந்த மெட்டு வந்தாலும் பயம் வராது.

------

பல்லவி_மட்டும்

ஐயா, "ஈரமா", "பாதமா" என்று அடி இறுதியில் இயைபு இருக்கிறது. இந்த மெட்டில் காது காத்திருப்பது அந்த இடத்துக்குத்தான். முதல் சீர் கடந்து போகும் வேகத்தில் எதுகை வைத்தாலும் யார் காதிலும் தங்காது. மெதுவான மெட்டாக இருந்தால் நீங்கள் சொல்வதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன். திருப்புகழ்ப் பயிற்சிக்கு நூற்றுக்கு நூறு.

------

டிராக்_குரல்

நான் டிராக் பாடுகிறவள். படத்தில் வேறு ஒருவர் குரல் வரும், அதற்கு முன்னால் வரி சரியாக உட்காருகிறதா என்று பார்க்கப் பாடிக் காட்டுவது என் வேலை. எழுதுபவர்களிடம் எனக்கு இரண்டே வேண்டுதல்.

மெட்டு மேலே போகும் இடத்தில் "இ", "ஈ" வைத்தால் தொண்டை நெரிபடும். ஆ, ஏ, ஓ வையுங்கள். உச்சத்தில் "நீ" வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஒரு முறை நாற்காலியில் எழுந்து நின்று அதைக் கத்திப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

இன்னொன்று மூச்சு. ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடியின் சொல் பாய்ந்து வந்தால் எங்கே மூச்சு வாங்குவது? நேரலையில் பாடும்போதுதான் இந்தக் கொடுமை தெரியும். ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பாடி ஒட்டிவிடுவார்கள்.

எழுதியதை நீங்களே மெட்டில் உரக்கப் பாடிப் பாருங்கள். குரல் கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் நாக்கு தடுக்கும் இடத்தில் எங்கள் நாக்கும் தடுக்கும்.

------

ரெண்டாம்_கீபோர்டு

சென்னைக்கு வரவேண்டுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் புரோகிராமிங் பக்கம், கணினியில் இசையைக் கோக்கும் வேலை. இசையமைப்பாளர் அறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

மெட்டு முதலில். பெரும்பாலும் டம்மி வரியோடு வரும். பாதி ஆங்கிலம், பாதி எந்த மொழியும் இல்லை. எழுதுபவருக்குக் குரல் பதிவாகப் போகும், கூடவே சூழல் இரண்டு வரியில். பல்லவிக்கு நான்கைந்து மாற்று கேட்பார்கள். இயக்குநர் ஒன்றின் முதல் அடியையும் இன்னொன்றின் இரண்டாம் அடியையும் பிடித்துக்கொண்டு "இதையும் அதையும் சேர்த்துக் கொடுங்க" என்பார். சேராது. சேர்க்க வேண்டும். அதுதான் தொழில். இது எல்லாம் இப்போது போனிலேயே நடக்கிறது, அந்த அளவுக்கு ஊர் தடை இல்லை.

ஆனால் முதல் வாய்ப்பு போனில் வராது. கவிதைத் தொகுப்பை பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறவர்கள் ஏராளம், யாரும் திறப்பதில்லை. இசையமைப்பாளருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: மெட்டு கொடுத்தால் இவர் எழுதுவாரா? அதற்குப் பாடிய மாதிரி வேண்டும். நீங்கள் நண்பரோடு செய்கிறீர்களே, அதுதான் உங்கள் விசிட்டிங் கார்டு.

வேலை சினிமாவில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். குறும்படம், சீரியல் தலைப்புப் பாட்டு, ஐயப்பன் சீசன் ஆல்பம், ஆடி மாத அம்மன் பாட்டு, நகைக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் கட்சிப் பாட்டு. தேர்தல் பாட்டு எழுதினால் ராத்திரி கேட்டுக் காலையில் வாங்கிப் போவார்கள். அந்த வேகம் வேறு எங்கேயும் பழகாது.

படக்காட்சி எப்படி நகர்கிறது என்று தெரிவதும் ஒரு பெரிய பலம். நா. முத்துக்குமார் பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராக இருந்தவர். பஞ்சு அருணாசலம் கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியவர். இருவருமே பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பார்த்தவர்கள். அந்த வகையில் சென்னை இன்னும் தேவைதான்.

------

தாமிரபரணிக்காரன்

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. "அந்த வீட்டில் என்ன கிடந்தது" என்பதை வைத்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இடையில் ஒரு சந்தேகம். ஒருவர் இன்ஸ்டாகிராமில் என் கவிதையைப் பார்த்துவிட்டு, பெரிய படத்தில் ஒரு பாட்டு வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்கிறார். இதெல்லாம் வழக்கமா?

------

ரெண்டாம்_கீபோர்டு

ஓடு தம்பி ஓடு. பாட்டெழுதுபவர் பணம் கட்டுகிற முறை இந்தத் தொழிலில் எங்கேயும் கிடையாது.

------

டிராக்_குரல்

அதே ஆள் பாடகர்களிடம் "வாய்ஸ் டெஸ்ட் கட்டணம்" கேட்பார். ஆள் மாறும், வசனம் மாறாது.

------

பல்லவி_மட்டும்

கட்டணம் கேட்பவரை அடையாளம் காண்பது சுலபம். காசே கொடுக்காமல் வேலை வாங்குபவரைத்தான் காண்பது கஷ்டம். எனக்கு நடந்தது: ஒரு படத்துக்கு முழுப் பாட்டு எழுதிக் கொடுத்தேன். பல்லவி அப்படியே வந்தது, சரணத்தில் பாதி வந்தது, பெயர் மட்டும் வேறு ஒருவருடையது. கேட்டதற்கு "அடுத்த படத்தில் பார்த்துக்கலாம்" என்றார்கள். அடுத்த படம் இன்னும் வரவில்லை. யார், எந்தப் படம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அதனால் என் விதி: மாதிரிக்குப் பல்லவி மட்டும் இலவசம். சரணம் வேண்டுமென்றால் முன்பணம். (பெயர்க் காரணம் தெரிந்ததா?)

------

ரெண்டாம்_கீபோர்டு

அக்கா, புதிதாக வருகிறவர் இந்த விதியோடு வந்தால் கதவு திறக்காது. முதல் இரண்டு மூன்று பாட்டைப் பயிற்சி என்று நினைத்துக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. நானே அப்படித்தான் உள்ளே வந்தேன்.

------

பல்லவி_மட்டும்

நீங்கள் இலவசமாக வாசித்தால் வாசிப்பு உங்கள் கையோடு வந்துவிடும். நான் இலவசமாக எழுதினால் பாட்டு அவர்களிடம் தங்கிவிடும். இரண்டும் ஒன்றல்ல.

------

கருப்பு_கோட்டு

இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். வழக்கறிஞர், பதிப்புரிமை வழக்குகள் பார்ப்பவன். இதைப் பொதுத் தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஒப்பந்தத்தை நேரில் ஒருவரிடம் காட்டுவது தனி.

எழுதிய நொடியிலேயே வரியின் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. செய்தால் சான்றாக உதவும், அவ்வளவுதான். ஒருவருக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும், வாய்ப்பேச்சில் மாறாது. அந்தத் தாளில் எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று வைத்துக்கொள்ளும், எந்தெந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் "உலகம் முழுவதும், என்றென்றைக்கும்" என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். "என்றென்றைக்கும்" என்பதை 10 ஆண்டு ஆக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிறிய தயாரிப்பாளர்கள் சில நேரம் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் உரிமையை முழுசாக எழுதிக் கொடுத்த பிறகும் உங்களிடம் மிஞ்சுகிற ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தம். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து அதற்காக வாதாடினார். அதன்படி, திரையரங்கில் படத்தோடு சேர்ந்து பாட்டு ஓடுவதைத் தவிர மற்ற எந்த வழியில் அது பயன்பட்டாலும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் (பாட்டு பயன்படும்போது வரும் பங்குத்தொகையில்) உரிமையை வாங்கியவரோடு சம பங்கு பெறும் உரிமை உண்டு. அதை அவர்களே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. சட்டப்படியான வாரிசுக்கோ வசூலிக்கும் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். படத்தில் இல்லாத தனிப்பாடலுக்கும் இதே பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தத்தில் "ராயல்டி கோர மாட்டேன்" என்று ஒரு வரி இருந்தால் அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

பெயர் போடாத கதைக்கு: உரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியது நான்" என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக நிற்கிறது. வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய தேதியோடு கூடிய மின்னஞ்சல் எல்லாம் அழிக்காமல் வையுங்கள். அக்கா, உங்களுடையதும் இருக்கும் என்று நம்புகிறேன்.

------

தாமிரபரணிக்காரன்

அண்ணே, அந்த ராயல்டியை யார் வசூலிப்பார்கள்? தனிப்பாடலை நாங்களே ஸ்பாட்டிஃபையில் ஏற்றினால் காசு தானாக வராதா?

------

கருப்பு_கோட்டு

வரும், ஒரு பாதி. பலர் தடுமாறும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாக.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. பதிவான ஒலி ஒன்று. அதற்கு அடியில் இருக்கும் வரியும் மெட்டும் இன்னொன்று. விநியோகத் தளம் மூலம் ஏற்றும்போது ஒலிப்பதிவுக்கான பணம்தான் உங்கள் கணக்குக்கு வரும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அந்தப் பணமும் கிடையாது. வரிக்கும் மெட்டுக்கும் உரிய பணத்தை இந்தியாவில் வசூலிப்பது ஐபிஆர்எஸ், மும்பையில் இருக்கும் சங்கம், 1969இல் தொடங்கியது. அதில் பாடலாசிரியராக உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பாட்டின் பணம் யாரைத் தேடியும் வராது. எஃப்எம் நிலையங்கள் பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி தரவேண்டியவைதான் என்று 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே வானொலியும் கணக்கில் உண்டு.

தம்பி, இப்போதே செய்யவேண்டியது: நண்பரும் நீங்களும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாட்டின் பெயர், வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு, ஒலிப்பதிவு யாருடையது, தேதி, இரண்டு கையெழுத்து. பாட்டு ஓடாதபோது இதை எழுதுவது எளிது. ஓடத் தொடங்கிவிட்டால் நண்பனின் மாமா வந்து பேசுவார்.

------

சந்தப்பித்தன்

பாட்டு என்றால் இலக்கியம் என்று நினைத்திருந்தேன். பத்திரப் பதிவு அலுவலகம் ஆகிவிட்டது.

------

கருப்பு_கோட்டு

பட்டுக்கோட்டையார் 29 வயதில் போய்விட்டார், 1959இல். பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை நிற்கும் ஐயா. எழுதியவரின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் பத்திரமும் வேண்டும்.

------

ரொறன்ரோ_மழை

கனடாவில இருந்து எழுதுறன். இஞ்ச எங்களுக்கு சோகன் எண்டு ஒரு சங்கம், அதில சேர்ந்தால் வெளிநாட்டுச் சங்கங்களிட்ட இருந்தும் அவையே வாங்கித் தருவினம். ஐபிஆர்எஸ் ஆக்களும் அதே மாதிரித்தான் எண்டு நினைக்கிறன், இரண்டு இடத்தில ஒரே உரிமையைக் குடுக்கக் கூடாது எண்டதை மட்டும் கவனியுங்கோ.

நான் கேக்க வந்தது வேற. சென்னை இசையமைப்பாளர் ஒருத்தரோட சேர்ந்து செய்யேக்க, நான் எழுதின "கதைச்சது" எண்ட சொல்லை "பேசினது" எண்டு மாத்தச் சொன்னார். மெட்டுக்கு இரண்டும் பொருந்தும். நான் மாத்தேல்ல. பிழையோ?

------

பல்லவி_மட்டும்

மாற்றாதீர்கள். பாட்டில் யார் பேசுகிறாரோ அவர் வாயில் வரும் சொல்தான் வரவேண்டும். மதுரைப் பாத்திரத்துக்கு எழுதும்போது எங்களிடம் யாரும் பொதுத்தமிழ் கேட்பதில்லையே.

------

டிராக்_குரல்

பாடுபவருக்கு மட்டும் ஒரு பதிவு அனுப்பிவிடுங்கள். உங்கள் "ற"வும் "ட"வும் எங்களுக்கு எழுத்தைப் பார்த்தால் வராது.

------

தாமிரபரணிக்காரன்

ஐயா சொன்னபடி திருப்புகழ் எடுத்திருக்கிறேன், புரோட்டா கடை இன்னும் முடியவில்லை. நண்பனிடம் தாள் பற்றிப் பேசினேன். "நமக்குள்ள என்னடா பேப்பர்" என்றான். மாமா கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். வரி எனக்கு, மெட்டு அவனுக்கு, பாட்டின் பங்கு பாதிப் பாதி. ஒலிப்பதிவு அவனுடையது, செலவு அவன்தானே செய்கிறான்.

புதுப் பல்லவி. அவள் குழந்தையோடு போய்விட்டாள் என்று சூழலைக் கொஞ்சம் மாற்றச் சொன்னேன், அவன் சம்மதித்தான்.

காகிதக் கப்பலும் காயுதே
ஆடிய ஊஞ்சலும் ஓயுதே

------

பல்லவி_மட்டும்

எண்ணிக்கை சரி. "காயுதே", "ஓயுதே" நன்றாகவே இருக்கிறது. முதல் அடி எனக்குப் பிடித்துவிட்டது, மழைப் பாட்டில் மழை என்ற சொல்லே இல்லை. இரண்டாம் அடியில் ஊஞ்சல் வேண்டாம். அவள், குழந்தை, ஊஞ்சல் என்றால் பழைய படத்துப் பின்னணி வந்துவிடுகிறது. அந்த வீட்டில் இன்னும் ஒரு பொருளைத் தேடுங்கள்.

ஒரு சிக்கல். "காகிதக்" என்பதில் "க்" வருகிறது பாருங்கள். "தானன" என்று ஓடுகிற இடத்தில் வல்லொற்று. முட்டும் என்று அன்றைக்கே சொன்னேன்.

------

ரெண்டாம்_கீபோர்டு

அக்கா, அதை விட்டுவிடுங்கள். "காகிதக் கப்" என்று வரும் இடத்தில் ஒரு தட்டு விழுகிறது. தாளத்தில் அந்த இடத்தில் ரிம் ஷாட் (டிரம்மின் விளிம்போடு சேர்த்து அடிக்கும் அடி) வைத்தால் அள்ளும். மெட்டுப் போட்டவர் எந்த வேகத்தில் வைத்திருக்கிறார்?

------

தாமிரபரணிக்காரன்

நிமிடத்துக்கு 92 தட்டு என்று சொன்னான்.

------

ரெண்டாம்_கீபோர்டு

அப்போது நிச்சயம் நிற்கும். 70க்குக் கீழே என்றால் அக்கா சொன்னது சரி.

------

சந்தப்பித்தன்

அருணகிரியார் வல்லொற்றுக்குப் பயந்திருந்தால் திருப்புகழே கிடைத்திருக்காது. என் ஓட்டு கீபோர்டுக்காரருக்கு. எதுகை இல்லாதது பற்றி இந்த முறை வாய் திறக்கவில்லை, கவனித்தீர்களா?

------

பல்லவி_மட்டும்

மூன்று பேர் சேர்ந்து ஓர் ஒற்றுக்காகச் சண்டை போடுவதை விடப் பாடிப் பார்ப்பது மேல். டிராக் தங்கச்சி, இரண்டு விதமாகவும் பாடி அனுப்ப முடியுமா? "காகிதக் கப்பலும்" ஒன்று, "காகித ஓடமும்" ஒன்று. ஓடம் என்றால் எதுவும் முட்டாது, ஆனால் குழந்தை அதைக் கப்பல் என்றுதான் சொல்லும். அதுதான் எனக்கும் இடிக்கிறது.

------

டிராக்_குரல்

மெட்டுப் பதிவை இங்கே போடுங்கள் தம்பி. இன்றைக்கு ராத்திரி ஒரு ரெக்கார்டிங் இருக்கிறது, முடித்துவிட்டு இரண்டையும் பாடி ஏற்றுகிறேன். "காயுதே"யில் எங்கே மூச்சு விடுவது என்று உங்கள் நண்பரிடம் கேட்டு எழுதுங்கள்.